பெட்டி மாறும்போது கூட்டமும் மாறும்

வீடியோ கேம் வியாபாரத்தில் ஒரு தலைமுறையின் சக்ரவர்த்தி அடுத்த தலைமுறையில் ஓட்டாண்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாறாத இந்த விதி 2013-க்குப் பிறகு தளர்ந்திருக்கிறது. காரணம், ஆடுபவர்களின் அலமாரி.

மே 1995. லாஸ் ஏஞ்சலிஸ் மாநாட்டு மையம். வீடியோ கேம் தொழிலுக்கென்றே முதல் முறையாக நடந்த இ-3 கண்காட்சியின் முதல் நாள். செகா நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். செப்டம்பரில் வரப்போவதாகச் சொல்லியிருந்த சாட்டர்ன் என்ற புதிய பெட்டி, சில கடைகளில் அன்றைக்கே விற்பனைக்கு வந்துவிட்டது. விலை 399 டாலர். எதிரியைத் தூக்கத்தில் பிடித்துவிட்டோம் என்று செகா முகாமில் பூரிப்பு.

பிறகு சோனியின் முறை. அமெரிக்காவில் அதுவரை ஒரு விளையாட்டுப் பெட்டியைக்கூட விற்றிராத நிறுவனம். ஸ்டீவ் ரேஸ் என்ற அதிகாரி மைக்குக்கு முன் வந்தார். "299" என்றார். இறங்கிப் போய்விட்டார். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது.

அந்த நூறு டாலர்தான் செகாவைக் கவிழ்த்தது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் உண்மை, நிறைய மிகை. அந்த மேடைக்கு வருவதற்கு முன்பே செகாவின் ரசிகர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

டிவியோடு இணைத்து விளையாடும் இந்தப் பெட்டிக்குக் கன்சோல் என்று பெயர். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சிப்புகள் பழசாகின்றன, புதுப் பெட்டி வருகிறது. தொழில்காரர்கள் இதைத் 'தலைமுறை' என்கிறார்கள். பெட்டியை விற்பதில் பெரிய லாபம் கிடையாது. பல சமயம் நஷ்டத்துக்கே தள்ளிவிடுகிறார்கள். காசு வருவது விளையாட்டுகளில். பிற நிறுவனங்கள் எழுதும் ஒவ்வொரு கேமுக்கும் பெட்டிக்காரருக்குக் கப்பம் கட்டியாக வேண்டும். ஆகவே எத்தனை வீடுகளில் பெட்டி நுழைந்திருக்கிறது என்பதே எல்லாம். ஆட்கள் இருக்கும் இடத்துக்குத்தான் நல்ல கேம்கள் போகும். நல்ல கேம்கள் இருக்கும் இடத்துக்குத்தான் ஆட்கள் போவார்கள். கோழியா முட்டையா கதை. இந்தச் சக்கரம் ஒரு முறை சுழலத் தொடங்கிவிட்டால் அந்தத் தலைமுறை முழுக்க நிறுத்துவது கஷ்டம். ஆனால் புதுப் பெட்டி வரும் அன்று சக்கரம் நின்றுவிடுகிறது. எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் பிரளயம்

இந்தப் பாடத்தை முதலில் படித்தது, அல்லது படிக்கத் தவறியது, அமெரிக்காவின் அடாரி நிறுவனம். 1977-ல் வந்த அதன் 2600 பெட்டிதான் வீட்டுக்குள் வீடியோ கேம் என்ற பழக்கத்தையே பரப்பியது. 1982-ல் அதன் வாரிசாக 5200 வந்தது. தந்தையின் கேட்ரிட்ஜ் (நம்மூர்ப் பையன்கள் பின்னாளில் 'கேசட்' என்று அழைத்த அதே வஸ்து) மகனின் வாயில் நுழையவில்லை. வாங்கி அடுக்கிய ஆட்டங்களெல்லாம் வீண் என்றால் புதுப் பெட்டி எதற்கு?

அதே சமயம் கண்டவர்களெல்லாம் கேட்ரிட்ஜ் அச்சடித்துச் சந்தையைக் குப்பையால் நிரப்பினார்கள். விற்காத கேட்ரிட்ஜ்களை அடாரி நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. வெறும் வதந்தி என்று பலர் நினைத்திருந்த இந்தச் சங்கதி, 2014-ல் தோண்டிப் பார்த்தபோது நிஜம் என்று தெரிந்தது. 1983-ல் சுமார் 300 கோடி டாலராக இருந்த அமெரிக்கச் சந்தை 1985-ல் 10 கோடி டாலருக்கு இறங்கியதாகக் கணக்கு. ஆடிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள்? பலர் கமடோர் 64 போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு. பலர் ஆட்டத்தையே விட்டார்கள். கூட்டம் எப்போதும் எதிர்க் கடைக்குத்தான் போகும் என்பதில்லை, வீட்டுக்கும் போகும்.

அந்தச் சுடுகாட்டில் கடை விரித்தது ஜப்பானின் நின்டெண்டோ. 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெயரில் வெளிவந்த பெட்டி, 1985-ல் நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற புதுப் பெயரோடு நியூயார்க் கடைகளுக்கு வந்தது. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்திய காலம். அதனால் கூடவே ஒரு குட்டி ரோபோவையும் கொடுத்து, இது பொம்மை என்று நம்பவைத்தார்கள். மொத்தம் 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன. நின்டெண்டோ என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே பல அமெரிக்கத் தாய்மார்களுக்கு மறந்துபோய், எல்லா வீடியோ கேமும் 'நின்டெண்டோ' ஆயிற்று.

இத்தனை பெரிய கூட்டத்தை வைத்திருந்த நிறுவனம், 1991 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த சூப்பர் நின்டெண்டோவில் பழைய கேட்ரிட்ஜ்கள் ஓடாது என்று சொல்லிவிட்டது. பெற்றோர்கள் எரிச்சலடைந்தார்கள். எப்படியும் புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், நின்டெண்டோவைத்தான் வாங்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது செகா. அதன் 16 பிட் பெட்டி ஜப்பானில் மெகா டிரைவ் என்ற பெயரில் 1988-லும், அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற பெயரில் 1989-லும் வந்திருந்தது. ஜப்பானில் அதைச் சீந்துவாரில்லை. 1990-ல் அமெரிக்கக் கிளைக்குத் தலைமையேற்ற கலின்ஸ்கி, முன்பு பார்பி பொம்மை விற்கும் மாட்டெல் நிறுவனத்தில் இருந்தவர். விலையைக் குறைக்க வேண்டும், சோனிக் என்ற நீல முள்ளெலியின் ஆட்டத்தைப் பெட்டியோடு இலவசமாகக் கொடுக்க வேண்டும், அமெரிக்கப் பையன்களுக்குப் பிடித்த விளையாட்டுகளை அமெரிக்காவிலேயே செய்ய வேண்டும், நின்டெண்டோவை விளம்பரத்தில் பெயர் சொல்லித் தாக்க வேண்டும். அவர் போட்ட திட்டம் இதுதான். டோக்கியோவில் கூடியிருந்த அதிகாரிகள் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை என்றும், தலைவர் ஹயாவோ நகயாமா மட்டும் "உன் இஷ்டப்படி செய்" என்ற பாணியில் அனுமதித்தார் என்றும் கலின்ஸ்கி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பலித்தது. தம்பிக்கு நின்டெண்டோ, அண்ணனுக்கு செகா என்று வீடுகள் பிரிந்தன. மரியோவோடு வளர்ந்த பையனுக்கு மீசை அரும்பும் வயது. அவனுக்குக் கொஞ்சம் திமிரான ஒரு கடை தேவைப்பட்டது. ஒரு கட்டத்தில் அமெரிக்க 16 பிட் சந்தையில் பாதிக்கும் மேல் செகாவின் கையில் இருந்தது.

வென்றவன் தோற்ற கதை

இத்தனை சிரமப்பட்டுப் பிடித்த ரசிகர்களை செகா நடத்திய விதம் விசித்திரமானது. ஜெனிசிஸின் தலையில் செருகிக்கொள்ளும் 32எக்ஸ் என்ற இணைப்பை 1994 நவம்பரில் அமெரிக்காவில் 159 டாலருக்கு விற்றது. அதே மாதம் ஜப்பானில் சாட்டர்னையும் வெளியிட்டது. விவரம் தெரிந்த ரசிகனுக்கு விஷயம் விளங்கிவிட்டது: தன் தலையில் கட்டப்படும் இணைப்புக்கு ஆயுள் சில மாதங்கள்தான். அதற்கு முன் வாங்கிய சிடி இணைப்பின் கதியும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே வீட்டில் மூன்று முறை கை நீட்டிவிட்டு நான்காவது முறையும் கதவைத் தட்டினால்?

இந்த லட்சணத்தில்தான் இ-3 மேடையின் திடீர் அறிவிப்பு வந்தது. சரக்கு கிடைத்தது நான்கைந்து கடைச் சங்கிலிகளுக்கு மட்டுமே. ஒதுக்கப்பட்ட கே-பி டாய்ஸ் கோபத்தில் செகா பொருட்களையே அலமாரியிலிருந்து இறக்கிவிட்டது. செப்டம்பரை நம்பி கேம் எழுதிக்கொண்டிருந்த வெளி நிறுவனங்களின் கையில் தயாராக எதுவும் இல்லை. ரசிகன், கடைக்காரர், கேம் எழுதுபவர் என்று மூன்று பேரையும் ஒரே வருஷத்தில் பகைத்துக்கொள்ள அசாத்தியத் திறமை வேண்டும்.

சோனி அந்த இடத்துக்கு வந்ததே ஒரு அவமானத்தின் விளைவு. நின்டெண்டோவுக்காக சிடி பொருத்திய பெட்டி ஒன்றைச் சேர்ந்து தயாரிப்பதாக 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அறிவித்தது. மறுநாளே, தான் பிலிப்ஸோடு கைகோர்ப்பதாக நின்டெண்டோ அறிவித்தது. சபையில் முகத்தில் கரி. கென் குடராகி என்ற எஞ்சினியர், நாமே தனியாகச் செய்வோம் என்று மேலிடத்தைச் சம்மதிக்க வைத்தார். 1994 டிசம்பர் 3-ல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் பிறந்தது.

நின்டெண்டோ 1996-ல் தன் புதிய பெட்டியிலும் கேட்ரிட்ஜையே கட்டிக்கொண்டு அழுதது. கேட்ரிட்ஜ் தயாரிக்கச் செலவு அதிகம், கொள்ளளவு குறைவு. சிடி மலிவு, இடம் தாராளம். ஃபைனல் ஃபேன்டஸி வரிசையை ஆண்டுக்கணக்கில் நின்டெண்டோவுக்கே செய்துவந்த ஸ்கொயர் நிறுவனம், ஏழாம் பாகத்தை 1997-ல் பிளேஸ்டேஷனில் மூன்று சிடிகளில் வெளியிட்டது. ஜப்பானில் தேசியப் பித்து எனத் தக்க டிராகன் குவெஸ்ட் வரிசையும் பின்னாலேயே போயிற்று. இரண்டு கேம்கள் வீடு மாறினால் லட்சக்கணக்கான ரசிகர்களும் கூடவே மாறுகிறார்கள். பெட்டியின் மீது விசுவாசம் என்று நிறுவனங்கள் நினைத்துக்கொண்டிருப்பது, பெரும்பாலும் ஆட்டத்தின் மீதான விசுவாசம். கடைசியில் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. நின்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 29 லட்சம். சாட்டர்ன் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை.

செகா இன்னொரு முறை எழுந்தது. 1998-ல் ஜப்பானிலும், 1999 செப்டம்பர் 9-ல் அமெரிக்காவிலும் டிரீம்காஸ்ட் வந்தது. நல்ல பெட்டி, இணைய வசதியோடு வந்தது, விலை 199 டாலர். அமெரிக்காவில் ஆரம்ப விற்பனை அமோகம். ஆனால் பிளேஸ்டேஷன் 2 வருகிறது என்று சோனி முன்கூட்டியே அறிவித்திருந்தது. அதில் பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளும் ஓடும், டிவிடி படமும் பார்க்கலாம். பத்து கேம் வாங்கி வைத்திருப்பவன் எதற்காக அவசரப்பட வேண்டும்? கூட்டம் காத்திருந்தது. 2000 மார்ச் 4-ல் ஜப்பானில் விற்பனை தொடங்கியதும் முதல் வார இறுதியிலேயே ஏறக்குறைய 10 லட்சம் பெட்டிகள் தீர்ந்தன. டிவிடி பிளேயராகவே நினைத்து வாங்கியவர்களும் ஏராளம்.

2001 ஜனவரி 31-ல் செகா டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அப்போது தலைவராக இருந்த இசாவோ ஒகாவா நோய்வாய்ப்பட்டிருந்தார். நிறுவனம் திவாலாகாமல் இருக்கத் தான் கொடுத்திருந்த கடனைத் தள்ளுபடி செய்து, தன் பங்குகளையும் அதற்கே எழுதிக்கொடுத்தார். மதிப்பு ஏறக்குறைய 70 கோடி டாலர். அந்த மார்ச்சில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில், நின்டெண்டோவின் பெட்டியில் ஓடுவதற்கான சோனிக் கேம் கடைக்கு வந்தது. பத்தாண்டுகள் மரியோவைக் கிண்டலடித்துப் பிழைத்த முள்ளெலி, மரியோவின் வீட்டில் வாடகைக்குக் குடியேறியது.

பாலிகா பஜார் வழியாக

இந்தியாவில் இந்தத் தலைமுறைக் கணக்கு அப்படியே பொருந்தாது. தொண்ணூறுகளில் நம் நகரங்களின் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தவை பெரும்பாலும் ஃபாமிகாமின் நகல்கள். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம் என்று மேலே அச்சடித்திருக்கும். பிரித்துப் பார்த்தால் மரியோ, கான்ட்ரா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். டோக்கியோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் சிடி யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, இங்கே பையன்கள் கேசட்டின் அடியில் ஊதித் தூசு தட்டிக்கொண்டிருந்தார்கள். வெளித்தோற்றம் மட்டும் பிளேஸ்டேஷன், மூடியைத் திறந்தால் பழைய எட்டு பிட் கேசட் துவாரம் என்ற பெட்டிகளும் வந்தன. தலைமுறை மாறியது மேல் சட்டையில் மட்டும்.

அசல் பிளேஸ்டேஷன் 2 இங்கே வேரூன்றியபோது வெளிநாடுகளில் அதன் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய அனுமன் கதை கேம் 2009-ல் வந்தது, பிளேஸ்டேஷன் 3 வெளிவந்து மூன்று வருஷம் கழித்து, பிளேஸ்டேஷன் 2-க்காக. டெல்லி பாலிகா பஜாரிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், சென்னை ரிச்சி தெருவிலும் மலிவு டிஸ்க்குகள் கிடைத்தவரை பழைய பெட்டியை விடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை. பிறகு வந்த பெரும் கூட்டம் அடுத்த பெட்டிக்குப் போகவே இல்லை. நேராகச் செல்போனுக்குத் தாவிவிட்டது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது எழுந்த ஓலம், இந்தியாவின் கன்சோல் எது என்பதைத் தெளிவாகவே சொன்னது.

மறதி என்னும் நோய்

பிளேஸ்டேஷன் 2 மொத்தம் 15 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த மலையின் உச்சியில் நின்றுகொண்டு சோனி அடுத்த பெட்டிக்கு விலை வைத்தது. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3, 499 டாலரும் 599 டாலருமாக வந்தது. கூடுதல் நேரம் உழைத்தாவது இதை வாங்க வேண்டும் என்று மக்கள் நினைக்க வேண்டும் என்ற பொருளில் குடராகி பேசியிருந்தார். மக்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு வருஷம் முந்திக்கொண்ட மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பக்கம் பலர் சாய்ந்தார்கள். ஆரம்பப் பெட்டிகளில் பழைய பிளேஸ்டேஷன் 2 சிப்பை உள்ளேயே வைத்திருந்த சோனி, செலவைக் குறைக்க அதையும் பிடுங்கியது. விலையைக் குறைத்து, பெட்டியை மெலிதாக்கி, கடைசியில் 8 கோடியே 70 லட்சத்துக்குத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. முந்தைய பெட்டியில் பாதி கொஞ்சம் சொச்சம்.

எக்ஸ்பாக்ஸ் 360 ஒன்றும் பழுதற்ற பெட்டியில்லை. சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போன பெட்டிகளுக்காக 2007-ல் மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ரசிகர்கள் ஓடவில்லை. சிநேகிதர்கள் எல்லோரும் அந்த இணைய வலைக்குள் இருந்தார்கள். தான் மட்டும் வேறு பெட்டிக்குப் போனால் யாரோடு ஆடுவது? பெட்டி செத்தாலும் பட்டியலில் நண்பர்கள் உயிரோடு இருந்தார்கள். கூட்டத்தைக் கட்டிப்போடும் கயிறு பெட்டிக்கு வெளியே இருக்க முடியும் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இந்தச் சண்டைக்கு நடுவே நின்டெண்டோ 'வீ' என்ற குட்டிப் பெட்டியை 249 டாலருக்கு விற்றது. கையில் இருக்கும் கோலை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். பாட்டிகள் ஆடினார்கள். முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டி நடந்தது. 10 கோடியே 16 லட்சம் பெட்டிகள். அதற்கு முந்தைய நின்டெண்டோ பெட்டி விற்றது 2 கோடியே 17 லட்சம்தான்.

பிறகு 2012-ல் 'வீ யூ' வந்தது. பழைய 'வீ' டிஸ்க்குகள் அதில் ஓடின. பழைய கோல்களும் வேலை செய்தன. அடாரி செய்த தவறு எதையும் நின்டெண்டோ செய்யவில்லை. ஆனாலும் விற்றது வெறும் 1 கோடியே 35 லட்சம். நூறு பேரில் எண்பத்தைந்து பேருக்கு மேல் காணாமல் போனார்கள்! பெயரைப் பார்த்து இது பழைய பெட்டிக்கான ஏதோ உதிரி என்று நினைத்தவர்கள் பலர் என்று நிறுவனத் தலைவர் சடோரு இவாடாவே ஒப்புக்கொண்டார். ஆனால் பெயர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பாட்டிகள் வீடியோ கேம் ரசிகர்கள் ஆகவில்லை. ஒரு டென்னிஸ் ஆட்டத்துக்கு ரசிகர்களாக இருந்தார்கள். அடுத்து அவர்கள் கையில் ஸ்மார்ட்போன் வந்தது. நடுத்தர வயதுக்காரர்கள் கோலை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு செல்போனில் மிட்டாய் உடைக்கப் போனார்கள்.

ஆட்குறைப்பு செய்தால் ஊழியர்களின் மன உறுதி குலையும் என்று பங்குதாரர்களிடம் சொன்ன இவாடா, 2014-ல் ஐந்து மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2015 ஜூலையில் இறந்தார். அவர் காலத்தில் திட்டமிடப்பட்ட ஸ்விட்ச் பெட்டி 2017 மார்ச்சில் வந்து 15 கோடியைத் தாண்டி ஓடியது. அதில் மிக அதிகம் விற்ற கேம், 'வீ யூ' பெட்டிக்காகச் செய்யப்பட்ட மரியோ கார் பந்தயத்தின் மெருகேற்றிய மறுபதிப்பு. சரக்கில் குற்றம் இருக்கவில்லை. ஆடத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

நூலகத்தின் சிறை

2013 ஜூனில் மீண்டும் லாஸ் ஏஞ்சலிஸ், மீண்டும் இ-3. இந்த முறை கவிழ்ந்தது மைக்ரோசாஃப்ட். புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தைத் தொட்டாக வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, விலை 499 டாலர். இணைய வசதி இல்லாதவர்கள் பழைய 360-ஐயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு உயர் அதிகாரி பேட்டி வேறு கொடுத்தார். சோனி 399 டாலர் என்றது. பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கை நண்பனுக்கு இரவல் கொடுப்பது எப்படி என்று அரை நிமிஷம்கூட ஓடாத ஒரு வீடியோவை வெளியிட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். பத்தே நாளில் மைக்ரோசாஃப்ட் விதிகளை வாபஸ் வாங்கியது. பயனில்லை. பிளேஸ்டேஷன் 4, 11 கோடியே 70 லட்சத்துக்கு மேல் விற்றது. தன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று 2022-ல் பிரேசில் அரசின் போட்டி ஒழுங்கு அமைப்பிடம் கொடுத்த ஆவணத்தில் மைக்ரோசாஃப்டே எழுதிக்கொடுத்தது.

பழைய கணக்குப்படி, பரவாயில்லை, அடுத்த தலைமுறையில் பார்த்துக்கொள்ளலாம். இந்த முறை அது நடக்கவில்லை. எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் 2023 மே மாதம் ஒரு பேட்டியில் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். தோற்கவே கூடாத தலைமுறையில் தோற்றுவிட்டோம், அப்போதுதான் எல்லோரும் டிஜிட்டல் நூலகத்தைக் கட்டிக்கொண்டார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பிரமாதமான கேம்களைக் கொடுத்துவிட்டால் மக்கள் பிளேஸ்டேஷனை விற்றுவிட்டு வந்துவிடுவார்கள் என்பதை அவர் நம்பவில்லை.

இதன் பொருள் ஆடுபவனுக்கு முக்கியமானது. டிஸ்க் இருந்தவரை, பத்து டிஸ்க்கைப் பழைய கடையில் போட்டு அந்தக் காசில் வேறு பெட்டிக்கு மாறலாம். நம் ஊர்களில் பாதிப் பேர் அப்படித்தான் காலம் தள்ளினார்கள். இணையத்தில் காசு கட்டி இறக்கிய கேமை யாரிடமும் விற்க முடியாது, எதிர்க் கம்பெனிப் பெட்டிக்கு எடுத்துப் போகவும் முடியாது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, முந்தைய பெட்டியின் கேம்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓட்டுகிறது. ரசிகனுக்கு அது உபகாரம்தான். கதவில் தொங்கும் பூட்டும் அதுதான். இதற்கு ஒரு வேடிக்கையான பக்க விளைவு உண்டு: பழைய பெட்டியே போதும் என்று கூட்டம் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. புதிய பெட்டி வந்து மூன்றரை வருஷம் கழித்து, 2024-லும் சோனியின் மாதாந்திர ஆட்டக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிளேஸ்டேஷன் 4-லேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்ட்நைட் போன்ற ஒரே ஆட்டத்தை வருஷக்கணக்கில் ஆடுபவனுக்குத் தலைமுறை மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன.

நூலகம் நிரந்தரமா என்றால், அதுவும் இல்லை. 2023 மார்ச்சில் 'வீ யூ' பெட்டியின் இணையக் கடையில் விற்பனையை நின்டெண்டோ நிறுத்தியது. 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை மூடப்பட்டது. பிளேஸ்டேஷன் 3-இன் கடையை மூடப்போவதாக 2021-ல் அறிவித்த சோனி, ரசிகர்கள் போட்ட கூச்சலில் அடுத்த மாதமே பின்வாங்கியது. அதுவரை காசு கட்டி வாங்கியவை தங்களுடையவை என்று நினைத்திருந்தவர்களுக்கு, சாவி யார் கையில் இருக்கிறது என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துபோயிற்று.

நின்டெண்டோ இந்த முறை பெயரில் விஷப்பரீட்சை செய்யவில்லை. 2025 ஜூன் 5-ல் வந்த பெட்டிக்கு ஸ்விட்ச் 2 என்றே பெயர். பழைய ஸ்விட்ச் கேம்கள் பெரும்பாலும் அதில் ஓடுகின்றன. நான்கே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழி தேடிக்கொண்டது. கூட்டம் இங்கே வராதென்றால் நாம் அங்கே போவோம் என்று 2024 முதல் தன் கேம்களை ஒவ்வொன்றாக எதிரியின் பெட்டிக்கு அனுப்பத் தொடங்கியது. 2001 முதல் எக்ஸ்பாக்ஸுக்கு முகமாக இருந்த ஹேலோவும் பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. செகாவின் பழைய ரசிகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.